நாலு ஜோடி பனிக்கோடாரி

அந்தக் குளிர்காலத்தில் என் அண்ணன் சீவெர்ட்டுக்கு நான் நாலு ஜோடி பனிக்கோடாரி எடுத்துக் கொடுத்தேன். ஒன்றுகூட அவனுக்குச் சரிப்படவில்லை. ரியூகான் என்ற எங்கள் மலையூரில், மலையேறும் சாமான் விற்கிற கடையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். ஆள் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே எந்தக் கைக்கு எந்தக் கோடாரி என்று சொல்லிவிடுவேன் என்று எங்கள் முதலாளி ஓஸ்முண்ட் வெளியூர்க்காரர்களிடம் பெருமையடித்துக்கொள்வார். கூடப்பிறந்தவன் கையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் தடவை அவன் வந்தது நவம்பர் நடுவில். மேலே ஓடைகளும் அருவிகளும் ஏறுகிற பதத்துக்கு உறையத் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மின்நிலையத்தில் ஷிப்ட் முடித்து, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் நேரே கடைக்கு வந்தான்.

"ராக்னா, எனக்குக் கிழவன் கோடாரி ஒரு ஜோடி வேணும்."

"எதுக்கு? ஊணிக்கிட்டு நடக்கவா?"

"சொல்றதக் கேளு, சின்னவளே. கஷ்டமான அருவியெல்லாம் போதும். தலைகீழாத் தொங்கி என்னத்தக் கண்டேன்? இனிமே மூணாம் தரம், மிஞ்சிப்போனா நாலாம் தரம். நிம்மதியா ஏறணும், இறங்கணும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணும்."

அவனுக்கு நாற்பத்தேழு வயது. எங்கள் பள்ளத்தாக்கில் பாறைக் கூரையிலிருந்து கூரிய ஈட்டிபோலத் தொங்குகிற பனியெல்லாம் அவன் ஏறியவை. அவன் வீடு திரும்பும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்து அவன் மனைவி ஹெர்டிஸுக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது என்று நாங்கள் கேலி செய்வோம். அவன் இப்படிச் சொன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏன் இந்தத் திடீர் ஞானம் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அவனிடம் இருந்த பழைய ஜோடி, கொக்கி மாதிரி வளைந்த தண்டு உள்ளவை. செங்குத்தாகவோ வெளியே தள்ளிக்கொண்டோ நிற்கிற பனிக்குத்தான் அவை லாயக்கு. கொஞ்சம் சாய்ந்த, படிபடியாக இறங்குகிற அருவியில் அந்தக் கோடாரியை வீசினால் கைப்பிடி முதலில் பனியில் இடிக்கும், விரல் நசுங்கும். ஏறி முடித்த இடத்தில் பொதபொதவென்று பனி கிடக்கும். அங்கே தண்டையே கம்பு மாதிரி செருகிப் பிடிக்க வேண்டும், வளைந்த தண்டு உள்ளே இறங்காது. ஆகவே லேசான வளைவு, தலை கொஞ்சம் கனம், ஒன்றில் பின்பக்கம் சுத்தியல், இன்னொன்றில் சின்ன மண்வெட்டி போன்ற பட்டை. அப்படி ஒரு ஜோடி எடுத்து வைத்தேன்.

கடைக்குப் பின்னால் ஓஸ்முண்ட் வருடா வருடம் ஒரு சாரத்தில் வலை கட்டி, குழாயால் தண்ணீர் பீய்ச்சி, நாலு மீட்டர் உயரத்துக்குப் பனித்தூண் ஒன்று வளர்த்து வைத்திருப்பார். வாங்குகிறவர்கள் அதில் வீசிப் பார்க்கலாம். சீவெர்ட் வீசினான். நல்ல அடி விழுந்தால் நிரம்பிய பீப்பாயைத் தட்டினதுபோல அடங்கிய சத்தம் வரும். முதல் இரண்டு அடியும் அப்படித்தான் விழுந்தன. மூன்றாவதில் கோடாரி அவன் கைக்குள் திரும்பி, அலகு பக்கவாட்டில் பட்டு, தட்டு அளவுக்குப் பனி பெயர்ந்து விழுந்தது.

அவன் கோடாரியைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தான்.

"கைப்பிடி கொஞ்சம் தடிமன்," என்றான்.

"கையுறையை மெல்லிசா மாத்திப் பாரு."

"இல்ல, பரவால்ல. பழகிடும்."

மூன்றாவது வாரமே அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். பழகவில்லையாம். கைப்பிடி ஒல்லியாக உள்ள ஒரு ஜோடி கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கையில் அதையும் கொண்டுவந்தான். தலை கனமாம், வீசி இழுக்கும்போது முழங்கை வலிக்கிறதாம். ஓஸ்முண்ட் தாங்கமாட்டாமல் சிரித்தார்.

"ஏன்டா, கல்யாண மோதிரம் எடுக்கும்போதுகூட நீ இவ்வளவு யோசிச்சிருக்க மாட்ட."

"மோதிரத்துல தொங்க வேண்டியதில்லையே, ஓஸ்முண்ட்."

"அத ஹெர்டிஸ்கிட்ட சொல்லிப் பாரு!"

மூவரும் சிரித்தோம். நான் காபி ஊற்றிக் கொடுத்தேன். சீவெர்ட் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். வெளியே மைனஸ் பதினெட்டு. குளிருக்கு எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கையுறை போட்டுப் பார்க்கும்போது அவன் வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திரண்டிருக்க வேண்டிய சதை இல்லாமல் குழிந்திருந்ததைப் பார்த்தேன். இளைத்திருக்கிறான், வயதாகிறது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஜோடி கடையிலேயே எடை குறைந்தது. சுண்டுவிரல் தாங்கி நிற்க அடியில் ஒரு சின்னக் கொம்பு; அதை விரலுக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்கலாம். அலகை நானே அரம் போட்டுக் கூர்தீட்டினேன், அடி லேசாக விழுந்தாலும் கடிக்கட்டும் என்று. ஜனவரி இரண்டாம் வாரம் அவனே கூப்பிட்டான்.

"சனிக்கிழமை பால்காரிக்குப் போலாமா? நீயும் வா. புதுக் கோடாரிய வீசிப் பாத்துடலாம்."

பால்காரி என்பது நாங்கள் ஒரு சின்ன அருவிக்கு வைத்த பேர். கோடையில் பால் சட்டியைச் சாய்த்ததுபோல விழும். குளிர்காலத்தில் மூன்றாம் தரம், அதிலும் சுலபமான மூன்றாம் தரம். எனக்குப் பதினாறு வயதில் சீவெர்ட் என்னை முதன்முதலாகக் கூட்டிப்போனது அங்கேதான். அதில் எந்தக் கோடாரியாலும் ஏறலாம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அடிவாரத்தில் நின்றோம். எங்கள் பள்ளத்தாக்குக்குள் அந்த மாதங்களில் வெயில் வராது. எதிரே கௌஸ்டா மலையின் தலை மட்டும் மஞ்சளாக இருந்தது. சீவெர்ட் முதலில் ஏறினான். நான் கீழே அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவன் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தேன். அவன் ஏறுவதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். அவசரப்படமாட்டான். நாலைந்து மீட்டருக்கு ஒருமுறை நின்று, பனிக்குள் ஒரு திருகாணியைச் சுழற்றி இறக்கி, அதில் கயிற்றை மாட்டிவிட்டு மேலே போவான். விழுந்தால் அந்தத் திருகாணிதான் தாங்கும்.

அன்று மூன்றாவது திருகாணியைத் தாண்டி நாலைந்து மீட்டர் போனதும் நின்றான். திருகாணி போடத்தான் நிற்கிறான் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வலது கோடாரி அவன் தலைக்கு மேலே பனியில் நன்றாகக் குத்திட்டு நின்றது. அதன் கைப்பிடியில் அவன் கை இல்லை. கை பக்கத்தில் தொங்கியது.

"என்னாச்சு?"

அவன் தலை தொங்கிய கையின் பக்கம் திரும்பியிருந்தது.

"சீவெர்ட்! என்னடா ஆச்சு?"

"ராக்னா." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "என் கை மூட மாட்டேங்குது."

"மரத்துப் போச்சா? உதறு! கீழே தொங்கவிட்டு உதறு!"

"மரத்துப் போகல. மூடல."

அவன் விழுந்தால் கடைசித் திருகாணிக்குக் கீழே இன்னும் நாலைந்து மீட்டர், கயிறு நீளுகிற நீளம் வேறு. அங்கே ஒரு படி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் இடுப்போ முதுகோ அடிக்கும். நான் ஏறிப் போய் உதவ முடியாது. கயிற்றைப் பிடித்திருப்பவள் நான். விட்டால் அவனைப் பிடிக்க ஆளில்லை. யாரையாவது கூப்பிடலாமென்றால் போன் பையில், பை பத்தடி தள்ளி. கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பது ஒன்றுதான் என்னால் முடிந்தது. இருபது வருடமாகக் கோடாரி விற்கிற எனக்கு அந்த நேரத்தில் வாய்தான் இருந்தது.

"இடது கோடாரி நல்லா நிக்குதா?"

"நிக்குது."

"வலது முழங்கைய வலது கோடாரில வளைச்சுப் போடு. போட்டியா? இப்ப இடது கைய எடு. இடுப்புல இருக்கற வாரை எடுத்து இடது கோடாரில மாட்டு. அதுல உக்காரு."

அவன் செய்தான். சொன்னதெல்லாம் அவனுக்குத் தெரிந்ததுதான். எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். ஆனாலும் சொன்னதை ஒவ்வொன்றாக, ஒரு சின்னப்பிள்ளை கேட்பதுபோலக் கேட்டுச் செய்தான். அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. வார் இழுபட்டு நிமிர்ந்தது. கோடாரி தாங்கியது.

இனி ஒரு திருகாணி போட்டுவிட்டால், அதில் கயிற்றை மாட்டி அவனைக் கீழே இறக்கிவிடலாம். இடது கையால் ஒன்றை எடுத்துப் பனியில் வைத்து அழுத்தினான். திருகாணி கடிக்கிறவரை ஒரு கை அழுத்தவும் ஒரு கை சுழற்றவும் வேண்டும். அது வழுக்கி விழுந்து என் தோளுக்குப் பக்கத்தில் பனியில் புதைந்தது. இரண்டாவது ஒன்று கல்லில் பட்டு 'டிங்' என்று எகிறிப் போனது.

"எத்தன மிச்சம்?" என்று கத்தினேன்.

"ரெண்டு."

"மெதுவா. வலது உள்ளங்கைய வெச்சு அழுத்து. விரல் வேணாம், உள்ளங்கை போதும்."

"தெரியும், ராக்னா. பண்ணிட்டுத்தானே இருக்கேன்."

எத்தனை நேரம் ஆனது என்று தெரியவில்லை. பிறகு போனைப் பார்த்தபோது அவன் நின்றதிலிருந்து தரைக்கு வந்ததுவரை ஐம்பது நிமிடம் ஓடியிருந்தது. என் கழுத்து விறைத்து, கால் விரல்கள் செத்துவிட்டிருந்தன. கடைசியில் மிச்சமிருந்த இரண்டில் ஒன்று கோணலாக உள்ளே போனது. அவனை அங்குலம் அங்குலமாக இறக்கினேன். இடது கோடாரியைப் பிடுங்கிக்கொண்டான். வலது கோடாரியைப் பிடுங்க அவனால் முடியவில்லை. அது அங்கேயே குத்திட்டு நின்றது.

தரைக்கு வந்ததும் பையின் மேல் உட்கார்ந்தான். பிளாஸ்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மூடியைத் திருகப் பார்த்தான், முடியவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

"அந்தக் கொம்பு இன்னும் கொஞ்சம் மேல இருந்திருந்தா பிடிச்சிருப்பேன்," என்றான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கோடாரியில ஒண்ணும் இல்லடா! உன் கைதான்! மூணு ஜோடி மாத்திட்ட. கையக் காட்டினியா யார்கிட்டயாவது?"

"காட்டினேன்."

"எப்ப?"

"அக்டோபர்ல."

பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை நான் கையில் வைத்திருந்தேன். அது அப்படியே கையிலேயே உறைந்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் பார்த்ததை அவன் சொன்னான். கையிலும் காலிலும் ஊசி குத்தி மின்சாரம் விட்டுப் பார்த்தார்களாம். "ஆயுசு பூரா ஊருக்குக் கரண்ட் விட்டேன். எனக்கே விட்டுட்டாங்க," என்றான். தசையை ஆட்டுகிற நரம்புகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. கையில் தொடங்கியிருக்கிறது. பிறகு கால், நாக்கு, கடைசியில் மூச்சு. மூன்று வருடம், சிலருக்கு ஐந்து. மாத்திரை ஒன்று இருக்கிறது, அது சில மாதம் தள்ளிப்போடும். வேறு ஒன்றும் செய்வதற்கில்லை.

"ஹெர்டிஸுக்கு?"

"கழுத்துல நரம்பு நசுங்கியிருக்கு, வசந்தத்துல ஆபரேஷன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"அடப்பாவி."

"நீ சொல்லிடாத. நான் சொல்றேன். கொஞ்சம் டைம் குடு."

பிறகு, என்னைப் பார்க்காமல், அருவியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "டாக்டர் சொன்னது மண்டைக்குள்ள போயிடுச்சு, ராக்னா. போகலன்னு இல்ல. ஆனா உன் கடையில சுவர் நிறையத் தொங்குதே, அதுல ஏதாவது ஒண்ணு எனக்குச் சரியா வரும்னு தோணிட்டே இருந்துச்சு."

அடுத்த புதன்கிழமை யாரோ ஏறப் போனவர்கள் அந்தக் கோடாரியைப் பிடுங்கி எங்கள் கடையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். ஓஸ்முண்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலகில் என் அரத்தின் தடத்தை அவருக்குத் தெரியும்.

"இது சீவெர்ட்டோடது இல்ல? அவன் கோடாரிய விட்டுட்டு வர்ற ஆளா?"

நான் பொய் சொல்ல முயன்றேன். முடியவில்லை, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கடைக் கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அறுபத்திரண்டு வயது மனிதர், வாயை மூடவே தெரியாதவர். அன்று அரை மணி நேரம் அந்தக் கோடாரியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஹெர்டிஸ் வந்தது அதற்குப் பத்து நாள் கழித்து. அவள் எங்கள் ஊரில் பஸ் ஓட்டுகிறாள். வண்டியை நிறுத்தத்தில் விட்டு, ஏழு நிமிட இடைவேளையில், சீருடையோடு உள்ளே நுழைந்தாள்.

"ராக்னா, நீ எனக்கு நாத்தனாரா, இல்ல வெறும் கடைக்காரியா?"

"என்ன அண்ணி?"

"அவனுக்கு எதுக்கு மறுபடி மறுபடி கோடாரி குடுக்கற? கழுத்து நரம்பு நசுங்கினவன் வீட்ல கிடக்க வேணாமா? சட்டைப் பட்டன்கூட நான்தான் போட்டு விடறேன். ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் எவ்வளவு வேணா தொங்கட்டும். டாக்டர் ஏப்ரல்னு சொல்லியிருக்காராம். நான் அதுக்கு லீவுகூட எழுதிக் குடுத்துட்டேன்."

அவள் முகம் பளிச்சென்று இருந்தது. ஏப்ரலில் எல்லாம் சரியாகிவிடும் என்ற முகம். நான் மேசையிலிருந்த திருகாணிகளை நீளவாரியாக அடுக்கினேன். கலைத்தேன். மறுபடி அடுக்கினேன்.

"சரி, இனிமே குடுக்கல," என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஓடினாள். பஸ்ஸில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கதவை மூடி, எனக்குக் கையசைத்து, வண்டியைக் கிளப்பினாள்.

அந்தச் சத்தியத்தை நான் ஒரு மாதம்கூடக் காப்பாற்றவில்லை. பிப்ரவரிக் கடைசியில் ஒரு மத்தியானம் சீவெர்ட் வந்தான். வலது கையைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தான்.

"முன்னெல்லாம் மணிக்கட்டுல வார் வெச்ச கோடாரி வரும்ல? கை வார்ல தொங்கும், பிடி அவ்வளவு வேணாம். அது ஒண்ணு கிடைக்குமா?"

"இப்ப யாரும் அப்படிச் செய்யறதில்லடா. உனக்கே தெரியும்."

"உங்க கிடங்குல இருக்கும்."

"ஹெர்டிஸுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"பின்னாடி இருக்கற தூண்ல வீசிப் பாக்கத்தான். வெளிய கொண்டு போகல."

நான் ஓஸ்முண்டைப் பார்த்தேன். மறுத்துவிடுவார் என்று நம்பினேன். யாராவது ஒருவர் மறுக்கட்டும் என்று இருந்தது. அவர் எழுந்து கிடங்குக்குள் போய், ரொம்ப நேரம் உருட்டி, ஒரு பழைய ஜோடியோடு வந்தார். நேரான தண்டு, சாயம் போன நீல வார். அவருடைய சொந்தக் கோடாரிகள்.

"இதுல நான் எவ்வளவோ ஏறியிருக்கேன். மிதமான பனிக்கு இத அடிச்சிக்க இன்னிக்கும் ஒண்ணு கிடையாது," என்றார். அது உண்மையில்லை. மூவருக்கும் தெரியும்.

வாரை நான்தான் மாட்டிவிட்டேன். கையுறைக்குள் விரல்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று தடவிப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கைப்பிடியைச் சுற்றி மடக்கி, அவை விரிவதற்குள் வாரை இறுக்கினேன். சீவெர்ட் தோளிலிருந்து வீசினான். முதல் அடி நழுவியது. இரண்டாவது பனியைச் சிதறடித்தது. மூன்றாவது, நாலாவது. ஐந்தாவதில் அந்த அடங்கிய சத்தம் வந்தது. அலகு நன்றாக ஏறிவிட்டது.

"பாத்தியா!" என்றான்.

அவன் இடது காலை ஒரு படியில் வைத்து உந்தி, அந்த வாரில் தன் கனத்தைப் போட்டான். தரையிலிருந்து ஒரு முழம் எழுந்தான். கை மேலே இழுபட, விரல்கள் கைப்பிடியை விட்டு விரிந்து, மணிக்கட்டிலிருந்து வெறும் கையுறைபோலத் தொங்கின. அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. பிறகு கால் வழுக்கியது, கீழே உறைந்த தரையிலும் நிலைக்கவில்லை. வாரிலேயே தொங்கி நின்றான். கோடாரியைப் பிடுங்கவும் முடியவில்லை, வாரைக் கழற்றவும் முடியவில்லை.

"கழட்டி விடு, ராக்னா."

அவன் கனம் முழுக்க அதில் இருந்ததால் கொக்கி அசையவில்லை. ஓஸ்முண்ட் ஓடிவந்து அவனை இடுப்போடு கட்டித் தூக்கினார். நான் பல்லால் என் கையுறையை உருவிப் போட்டுவிட்டு வாரை அவிழ்த்தேன். அவன் கீழே நின்று மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

"நேர் தண்டு நல்லாத்தான் இருக்கு," என்று கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான். பிறகு உள்ளே போய் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் கோடாரி கேட்டு வரவில்லை.

ஈஸ்டருக்கு அவனும் ஹெர்டிஸும் வழக்கம்போல மேலே குடிலுக்குப் போனார்கள். வெளியே வெயிலில் கலைமான் தோலை விரித்து உட்கார்ந்திருந்தபோது அவன் ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்கப் பார்த்திருக்கிறான். ஹெர்டிஸ் அதை வாங்கி உரித்து, சுளை சுளையாகப் பிரித்து அவன் மடியில் வைத்திருக்கிறாள். அப்போது சொல்லிவிட்டான். அவள் மலையிலிருந்தே எனக்குப் போன் செய்தாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"ஜனவரில."

போனில் மலைக் காற்றுச் சத்தம் கேட்டது.

"நான் லீவுக்கு எழுதிக் குடுத்தேன்னு சொன்னப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"சரி," என்றாள். வைத்துவிட்டாள். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு ஆள் தேவைப்பட்டது, பேசினாள். மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை.

கோடையில் கால் போயிற்று. இலையுதிர் காலத்தில் பேச்சு குழறத் தொடங்கியது. உதடும் நாக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துழைக்காமல், பாதி வார்த்தை வரும், மீதியை நாம் ஊகிக்க வேண்டும். நான் நன்றாக ஊகிப்பேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. கூடப்பிறந்தவள் அல்லவா.

இந்த பிப்ரவரியில் பனி பார்க்க வேண்டும் என்றான். நானும் ஹெர்டிஸும் அவனைச் சக்கர நாற்காலியோடு வேனில் ஏற்றி, சாலையோரமாகவே அருவிகள் இறங்குகிற இடத்துக்குக் கொண்டுபோனோம். பக்கக் கதவை முழுக்கத் திறந்து, இரண்டு கம்பளி போர்த்தி, அவனை அருவிப் பக்கம் திருப்பி வைத்தோம். ஒரு இளம்பெண் ஏறிக்கொண்டிருந்தாள். புதியவள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. கொக்கி மாதிரி வளைந்த கோடாரிகளை யாரோ அவள் தலையில் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் விரலை நசுக்கிக்கொண்டு உதறினாள்.

சீவெர்ட்டின் கண்ணில் பழைய குறும்பு வந்தது. "தப்... ஜோடி," என்றான்.

"ஆமா, தப்பான ஜோடி. எங்க கடை இல்லப்பா," என்றேன். ஹெர்டிஸ்கூடச் சிரித்தாள்.

"மணி... தளர்..."

புரிந்தது. நான் அருவியைப் பார்த்துக் கத்தினேன்: "ஏ பொண்ணு! மணிக்கட்டைத் தளர்த்து! அவ்வளவு இறுக்கிப் பிடிக்காத!"

அவள் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். அடுத்த அடி கொஞ்சம் நன்றாக விழுந்தது. சீவெர்ட் தலையை அசைத்தான். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவனுக்காக ஏதோ செய்ய முடிகிறது என்று தோன்றியது.

"கு..." என்றான். மறுபடி, "கு...து... கு..."

"குதிகாலை இறக்கு!" என்று கத்தினேன். புதியவர்கள் எல்லோரும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், பூட்ஸ் முள் பனியிலிருந்து கழன்றுவிடும். அவளும் அப்படித்தான் நின்றாள். "குதிகால்! குதிகாலை இறக்கு!"

இறக்கினாள். சீவெர்ட் மறுபடி அதையே சொன்னான். நான் மறுபடி கத்தினேன். அவன் விடாமல் சொன்னான், நானும் விடாமல் கத்தினேன். அந்தப் பெண் படி ஏறி, திருகாணி போட்டு, மேலே மேலே போனாள். அவள் உச்சிக்குப் போய்க் கையைத் தூக்கியபோது நான் கைதட்டிவிட்டு, "பாத்தியாடா, உன் பேச்சைக் கேட்டு ஏறிட்டா!" என்று திரும்பினேன்.

ஹெர்டிஸ் அவன் முகத்துக்குப் பக்கத்தில் காதை வைத்திருந்தாள். கம்பளி ஒன்று எப்போதோ சரிந்து காலடியில் கிடந்தது. அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

"குளிருதாம், ராக்னா," என்றாள். "ரொம்ப நேரமா குளிருதுன்னுதான் சொல்லிட்டிருந்திருக்கான்."

நான் கதவைச் சாத்தினேன். அவள் வண்டியைக் கிளப்பி, சூட்டைக் கூட்டி வைத்தாள். நான் பின்னால் உட்கார்ந்து அவன் கைகள் இரண்டையும் என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். வீடு போய்ச் சேரும்வரை அவை சூடாகவில்லை.